அறப்பணி என்ற சொல்லின் விலை

ஆசிரியப் பணி அறப்பணி என்று மேடைதோறும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் புகழ்ச்சிக்கு இந்தியத் தொழிலாளர் சட்ட வரலாற்றில் ஒரு விலை உண்டு. அதைச் செலுத்தியவர்களும் ஆசிரியர்களே.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற இரண்டு சொற்களைக் கடக்க வேண்டியிருந்தது. வேலை செய்யும் இடம் ‘தொழில்’ ஆக இருக்க வேண்டியிருந்தது. வேலை செய்பவர் ‘தொழிலாளி’ ஆக இருக்க வேண்டியிருந்தது. உடலுழைப்பு, மேற்பார்வை, தொழில்நுட்பம், எழுத்தர் பணி எனச் சில வேலைகளை அடுக்கியே சட்டம் தொழிலாளியை வரையறுத்தது. அந்த அடுக்கில் கற்பித்தல் இல்லை.

இந்த விடுபடலால் முதலில் அடிபட்டவர்கள் ஆசிரியர்கள் அல்லர், பேருந்து ஓட்டுநர்கள். மாணவியருக்காகத் தில்லிப் பல்கலைக்கழகம் இயக்கிய பேருந்துகள் நட்டம் தந்ததால் ஓட்டுநர் இருவர் வேலை இழந்தனர். ஆட்குறைப்பு இழப்பீடு கோரினர். 1963இல் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. பல்கலைக்கழகத்தின் மையப் பணி கல்வி. அதைச் செய்யும் ஆசிரியர்கள் தொழிலாளர் அல்லர். எனவே பல்கலைக்கழகம் ‘தொழில்’ அன்று என்பது தீர்ப்பின் தருக்கம். ஆசிரியருக்குத் தரப்பட்ட உயர்வு ஓட்டுநரின் உரிமையைப் பறித்தது.

1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு இந்நிலையை மாற்றியது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பின்படி கல்வி நிறுவனமும் ‘தொழில்’ ஆயிற்று. ஓட்டுநருக்கும் எழுத்தருக்கும் கதவு திறந்தது. ஆசிரியருக்குத் திறக்கவில்லை. கோவாவில் பணிநீக்கம் செய்யப்பட்ட ஒரு பள்ளி ஆசிரியையின் வழக்கில், 1988இல் உச்ச நீதிமன்றம் இரண்டாவது சொல்லைக் கொண்டு அதை அடைத்தது. கல்வி புகட்டுவது உயரிய பணி. அதை உடலுழைப்பு என்றோ எழுத்தர் வேலை என்றோ கொள்ள இயலாது என்றது நீதிமன்றம். ஒரே வளாகத்தில் அலுவலக எழுத்தர் தொழிலாளியானார், வகுப்பறையில் நின்றவர் ஆகவில்லை.

ஒரு சொல்லின் பொருளை அதன் அண்டைச் சொற்கள் வரையறுக்கும் என்பது மொழியியல் மாணவர் அறிந்த பாடம். 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் ஏறத்தாழ அதே அடுக்கைக் கொண்டே ‘ஊழியர்’ என்பதை வரையறுத்திருந்தது. அகமதாபாத் தனியார் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கம் கொண்டுசென்ற வழக்கில், அந்த வரையறைக்குள் ஆசிரியர் அடங்கார் என்று 2004இல் தீர்ப்பு வந்தது. பணிக்கொடை கூடாது என்பதன்று, அதற்குச் சட்டமியற்ற வேண்டியது நாடாளுமன்றம் என்றும் நீதிமன்றம் சுட்டியது.

இங்கேதான் வரலாறு திரும்பியது. 2009இல் நாடாளுமன்றம் அந்த வேலைப் பட்டியலையே நீக்கி, உடலுழைப்பாயினும் வேறாயினும் எவ்வகை வேலையும் செய்பவர் ஊழியரே என்று வரையறையைத் திருத்தியது. 1997 ஏப்ரல் 3 முதல் அதற்குச் செயலளித்தது. தனியார் பள்ளி நிர்வாகங்கள் எதிர்த்து வழக்காடின. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தத்தை உறுதிசெய்தது. சங்கம் தோற்ற வழக்குதான் சட்டம் திருந்தக் காரணமாயிற்று.

ஆனால் தொழில் தகராறுகளைப் பொறுத்தவரை அந்தப் பழைய அடுக்கு பெரிதும் மாறவில்லை. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, பத்திரிகையாளரையும் விற்பனை மேம்பாட்டு ஊழியரையும் பெயர் சொல்லித் தொழிலாளர் வரையறைக்குள் சேர்த்தது. 1955இலும் 1976இலும் தமக்கெனத் தனிச்சட்டம் பெற்றிருந்தவர்கள் அவர்கள். ஆசிரியரின் பெயர் அங்கே இல்லை. அரசுப் பள்ளி ஆசிரியருக்குப் பணிவிதிகள் உண்டு. சில மாநிலங்களில் தனியார் பள்ளி ஆசிரியருக்கும் தனிச்சட்டம் உண்டு. கல்வியாண்டு முடிந்ததும் வேலையும் முடிந்துபோகும் கௌரவ விரிவுரையாளருக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அந்தக் ‘கௌரவம்’ மட்டுமே.

ஆய்வு மாணவர்களாகிய நம்மில் பலர் நாளை நிற்கப்போவது அந்த வரிசையில்தான். நம்மைத் தொழிலாளர் என்று அழைத்துக்கொள்ள நாம் தயங்கும் ஒவ்வொரு முறையும், 1963இன் அந்தத் தருக்கத்தை நாமே வழிமொழிகிறோம்.