ஆட்டம் நீக்கல் (காவலூர் தொலைநோக்கிகள்)

ஒன்றோடொன்று இணைந்து நகரும் பாகங்களுக்கு நடுவே விட்டே ஆகவேண்டிய சிறு இடைவெளியால் தளர்ச்சியும் தாமதமும் கடகடப்பும் எழும். அவற்றை அடக்கும் பொறியியல் முறைகளின் தொகுப்பே ஆட்டம் நீக்கல். பட்டறைகளில் இந்தத் தளர்ச்சியை ‘ப்ளே’ என்பார்கள்; பற்சக்கரங்களில் வந்தால் ‘பேக்லாஷ்’. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் அலுவலகச் சுழல் நாற்காலியில் இதை எவரும் பார்க்கலாம். காலியாக இருக்கும்போது அசைத்தால் நடுத்தண்டு உறைக்குள் கடகடக்கும்; ஆள் உட்கார்ந்ததும் சத்தம் அடங்கும். இடைவெளி எங்கும் போய்விடவில்லை. உட்கார்ந்தவரின் எடை தண்டை உறையின் ஒரு பக்கத்தோடு சேர்த்து அழுத்திக்கொள்கிறது. இதே கோட்பாடு டன் கணக்கில் எடையுள்ள கருவிகளில் எப்படிக் கையாளப்பட்டது என்பதற்கு, திருப்பத்தூர் மாவட்டத்தில் ஆலங்காயத்தை அடுத்துள்ள காவலூரின் வைணு பாப்பு வானாய்வகம் நல்ல சான்று. இறுக்கமாகச் செய்து ஆட்டத்தை ஒழிக்க முடியாது, ஒருபக்கச் சுமை கொடுத்துத்தான் அடக்க முடியும் என்பதே அந்த வரலாற்றிலிருந்து பெறக்கூடிய முடிவு. அதற்கு எதிரான வாதங்களும் கீழே எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

தமிழகத்தில் இதன் முன்வரலாறு சென்னையில் தொடங்குகிறது. 1792இல் நிறுவப்பட்ட சென்னை வானாய்வகத்தின் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. தரையின் அதிர்வு கருவிக்கு ஏறாதபடி கனத்த ஒற்றைத் தூணில் கருவியை ஏற்றுவது அக்கால வழக்கம்.   1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வு தொடங்கியதும் முக்கியத்துவம் அங்கே மாறியது. அதற்கு வெகு முன்பே ஐரோப்பாவில், 1824இல் டோர்பாட் நகருக்காக யோசப் ஃபிரான்ஹோஃபர் செய்த தொலைநோக்கி, கீழிறங்கும் எடையால் ஓடும் கடிகார இயக்கத்தைக் கொண்டிருந்தது. அன்று முதல் பற்சக்கர ஆட்டம் வானியலாளருக்குத் தீராத தொல்லை.

பார்ப்பவரின் இருக்கையே இந்த வரலாற்றில் ஒரு கிளை. நீண்ட குழாய்த் தொலைநோக்கி வானத்தில் எங்கே திரும்புகிறதோ அதற்கேற்பக் கண் வைக்கும் முனை பல அடி ஏறி இறங்கும். படிப்படியாக உயர்த்தும் நாற்காலிகள் முதலில் வந்தன. பிறகு, 1888இல் திறக்கப்பட்ட கலிஃபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் ஹோவர்ட் கிரப்பின் யோசனைப்படி தரையே ஏறி இறங்கியது. யெர்க்ஸ் வானாய்வகத்தில் 23 மீட்டர் விட்டமுள்ள அத்தகைய தரை 1897 மே மாதம் வடம் அறுந்து சரிந்தது. நல்லவேளையாக அப்போது அதன்மேல் யாரும் இல்லை. தொலைநோக்கிக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம், அது ஏறி இறங்கும் தரையைத் தொடாத தனித் தூணில் நின்றதுதான். நகர வேண்டியதையும் அசையக் கூடாததையும் பிரித்து வைக்கும் இந்தப் பாடம் பிற்காலக் கட்டடங்களிலும் தொடர்ந்தது.

காவலூர் தொடங்கிய ஆண்டைச் சில நூல்கள் 1967 என்றும் வேறு சில 1968 என்றும் குறிக்கின்றன. இடத்தைத் தேர்ந்தவர் வானியலாளர் எம். கே. வைணு பாப்பு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், நகர வெளிச்சத்திலிருந்து விலகிய காட்டு நிலம் அது. முதலில் நிறுவிய 38 செ.மீ. தொலைநோக்கி உள்நாட்டிலேயே செய்தது. இங்கே அட்சரேகை ஏறக்குறைய 12.5 பாகை என்பதால், விண்மீன்களின் போக்கைப் பின்தொடர வடதுருவம் நோக்கிச் சாய்த்து வைக்கும் அச்சு, தரைக்கு ஏறத்தாழப் படுக்கையாகவே கிடக்கும். மொத்த எடையில் அச்சின் நீளவாக்கில் கீழ்நோக்கித் தள்ளும் பங்கு 22 விழுக்காடுதான். 33 பாகையிலுள்ள கலிஃபோர்னியாவின் பாலோமர் வானாய்வகத்தில் இது 54 விழுக்காட்டுக்கு மேல். புவியீர்ப்பே அச்சைக் கீழ்த்தாங்கியோடு அழுத்தி ஆட்டத்தை அடக்கும் உதவி வடக்கே இருப்பவர்களுக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. காவலூர் அமைந்துள்ள ஜவ்வாது மலையில் அது பாதிகூட இல்லை. காவலூரின் கருவிகளைப் பற்றிப் பேசும்போது இந்த ஒரு கணக்கை மறந்தால் பல முடிவுகள் விளங்காது.

1972இல் கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரத்து கார்ல் சைஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. இரு தூண்களுக்கு நடுவே கிடக்கும் அச்சின் ஒரு பக்கத்தில் குழாயும் மறுபக்கத்தில் ஈட்டு எடையும் அமைந்த கருவி அது. இதன் முதல் ஐந்தாண்டுகள் காவலூர் வரலாற்றில் முக்கியமான காலம். ஆட்டத்தின் விளைவு எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடும் என்பதும் இங்கேதான் தெளிவாகிறது. இத்தகைய தொலைநோக்கி வினாடிக்குச் சுமார் 15 வில்நொடி (கோணத்தை அளக்கும் நுண்ணலகு) வீதம் மேற்கே திரும்ப வேண்டும். இயக்குவது வார்ம் எனப்படும் திருகும் அதோடு கவ்விய பெரிய பற்சக்கரமும் என்று கொள்வோம். 1 மீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் விளிம்பில் 0.025 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், வானத்தில் அது 10 வில்நொடி. தலைமுடியின் பருமனைவிடக் குறைந்த அந்தச் சந்தில் குழாய் இங்குமங்கும் தட்டினால், ஒளிமானியின் சிறு துளையில் நிற்கும் விண்மீன் துளையின் ஓரத்தைத் தொட்டோ தாண்டியோ போய்விடும். பதிவுத்தாளில் ஒளி சட்டென்று விழும். ஒளி விழுவதைத் தேடி உட்கார்ந்திருப்பவருக்கு இதைவிடக் கொடிய போலி வேறு இல்லை.

அப்படி ஒளி விழுவதைத் தேடிய இரண்டு இரவுகளே காவலூரின் பெயரை உலகறியச் செய்தன. 1972 ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோளான கனிமீடு எஸ்.ஏ.ஓ. 186800 என்ற விண்மீனை மறைத்தது. காவலூரிலும் ஜாவாவின் லெம்பாங்கிலும் அது பதிவானது. ஒளி படிப்படியாகக் குறைந்ததை வைத்துக் கனிமீடுக்கு வளிமண்டலம் உண்டு என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். 1979இல் வாயேஜர் விண்கலம் அளந்தபோது, அவர்கள் சொன்ன அளவுக்கு வளி அங்கே இல்லை. 1972இன் பதிவை எப்படிப் பொருள்கொள்வது என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து உண்டு என்று சொல்வதற்கில்லை. கருவியின் ஆட்டம்தான் காரணமா என்று கேட்பவருக்கு ஒன்று சொல்லலாம்: பற்சக்கர ஆட்டம் ஒளியைச் சட்டென்று வெட்டும், மெல்லத் தேய்க்காது, மேலும் இரண்டு நாடுகளில் இரண்டு கருவிகள் ஒரே வேளையில் ஒரே விதமாக ஆடா. விடை வேறெங்கோ இருக்கிறது.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் எஸ்.ஏ.ஓ. 158687 விண்மீனைக் கடந்தபோது, கோள் விண்மீனை மிக நெருங்குவதற்கு முன்பே காவலூரின் பதிவில் ஒளி ஒரு முறை விழுந்தது. ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதை யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று அறிவித்தார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த கைப்பர் ஆய்வு விமானத்தில் ஜேம்ஸ் எலியட்டின் குழு, கோளின் இரு புறமும் சமச்சீராக ஒளி விழுவதைக் கண்டு வளையங்கள் என்று முடிவு கட்டியது. பிறகு காவலூரின் பதிவை மறுபடி ஆராய்ந்தபோது மேலும் சில வளையங்களின் தடயம் கிடைத்தது; பட்டாச்சார்யாவும் பாப்புவும் சேர்ந்து அதை அவ்வாண்டே வெளியிட்டார்கள். இந்த நிகழ்வில் ஆட்டத்தை ஐயத்துக்கு இடமின்றி விலக்க முடிகிறது. துளைக்குள் கோளும் விண்மீனும் சேர்ந்தே இருந்தன. குழாய் தட்டியிருந்தால் இரண்டின் ஒளியும் ஒருசேரப் போயிருக்கும். விண்மீனின் ஒளி மட்டுமே குறைந்தது, அதுவும் மற்ற இடங்களின் அளவுகளோடு பொருந்தும் நேரத்தில். இடையே ஒரு செய்தி: கைப்பர் விமானத்தின் 91 செ.மீ. தொலைநோக்கி காற்றழுத்தத்தில் மிதக்கும் கோளத் தாங்கியில் நின்றது. பறக்கும் விமானத்தில் ஆட்டத்தை அடக்க அவர்கள் கண்ட வழி உலோகம் உலோகத்தைத் தொடாமலே இருப்பது. ஜவ்வாது மலையில் இருந்ததோ தூண், அச்சு, ஈட்டு எடை.

ஈட்டு எடையில்தான் விஷயம் இருக்கிறது. தொலைநோக்கியைத் தராசு போலத் துல்லியமாகச் சமன் செய்தால் ஆட்டம் குறையும் என்று எண்ணத் தோன்றும். நடப்பது நேர்மாறு. முழுச் சமனில் இருக்கும் குழாய்க்கு எந்தப் பல்லின்மேலும் சாய வேண்டிய கட்டாயமில்லை. கூரைப் பிளவில் நுழையும் காற்று தட்டினால் சந்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகும். சற்றே குறைச் சமனில் இருந்தாலும் தொல்லைதான்: விண்மீன் உச்சிக்கோட்டைக் கடக்கையில் சுமையின் திசை மாறலாம், அப்போது பல் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் போகும். அந்த 10 வில்நொடியை மோட்டார் கடக்க முக்கால் வினாடி போதும். ஆனால் அதுவரை குழாய் நிற்கும், வானம் நகரும். அனுபவமுள்ள இயக்குநர்கள் இதனால் கிழக்குப் பக்கம் வேண்டுமென்றே சிறிது கனம் கூட்டி வைப்பார்கள். மோட்டார் எப்போதும் அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டே மேற்கே நகர, பற்கள் ஒரே முகத்தில் பதிந்திருக்கும். கசக்ரைன் முனையில் (குழாயின் அடிப்புறக் குவியத்தில்) ஒளிமானியைக் கழற்றி நிறமாலைமானியைப் பூட்டும் ஒவ்வொரு முறையும் இந்தச் சுமைக்கணக்கை மறுபடி போட வேண்டும். எவ்வளவு கனம் என்பதில் பொறியாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதிகமானால் பற்கள் சீக்கிரம் தேயும் என்பார் ஒரு சாரார், குறைந்தால் காற்றுக்கு ஈடுகொடுக்காது என்பார் மறு சாரார்.

ஒருபக்கச் சுமைதான் வழி என்ற முடிவுக்கு எதிராக மூன்று வாதங்கள் சொல்லப்படும். பற்களை இடைவெளியே இல்லாமல் கடைந்தால் என்ன என்பது முதலாவது. இத்தகைய சக்கரங்கள் பெரும்பாலும் வெண்கலம், அவற்றைத் தாங்கும் சட்டம் வார்ப்பிரும்பு அல்லது எஃகு. வெண்கலம் வெப்பத்தில் அதிகம் விரியும். 1 மீட்டர் விட்டமுள்ள சக்கரத்தில் வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் மாறினாலே சந்து சுமார் 10 வில்நொடி அளவு கூடவோ குறையவோ செய்யும். சித்திரை மாதத்து மாலையில் இடைவெளியில்லாமல் கடைந்த சக்கரம் மார்கழி விடியலில் கடகடக்கும். மார்கழியில் பொருத்தியது சித்திரையில் இறுகி நிற்கும். திருகை வில்லால் சக்கரத்தோடு அழுத்தலாம், இரண்டு மோட்டார்களை எதிரெதிராக இழுக்கவிடலாம். இரண்டுமே ஒருபக்கச் சுமை என்ற அதே உத்தியின் வேறு வடிவங்கள். தானியங்கி வழிகாட்டும் கேமரா பிழையைத் திருத்திவிடாதா என்பது இரண்டாவது. கேமரா, நழுவல் நடந்த பிறகே அதைக் காணும். திருத்தச் சொல்லி அனுப்பும் கட்டளையும் சந்தைக் கடந்தாக வேண்டும். அதுவரை மோட்டார் சுழலும், குழாய் அசையாது. கேமரா இன்னும் பெரிய திருத்தம் கேட்கும். சந்து தீர்ந்ததும் குழாய் அளவு மீறிப் பாயும். வடக்கு தெற்கு அச்சில் ஒரே திசையில் மட்டும் திருத்தம் அனுப்பும் வழக்கம் இதனால் வந்ததுதான். பற்களே இல்லாத உருளை உராய்வு இயக்கம் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்பது மூன்றாவது; மூன்றில் வலுவானதும் அதுவே. பற்சந்து அங்கே இல்லை என்பது உண்மை. ஆனால் உருளையை வட்டத்தோடு சேர்த்து அழுத்தும் விசை குறைந்தால் வழுக்கும். அந்த விசை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், மீண்டும் வில்லுக்கும் எடைக்குமே வந்து சேர்கிறோம்.

2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் பணி 1970களில் தொடங்கியது. பாப்பு 1982 ஆகஸ்டில் மியூனிக்கில் காலமானார். கருவி நிறைவு பெற்றதை அவர் காணவில்லை. 1986 ஜனவரி 6 அன்று அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி அதற்கு அவர் பெயரைச் சூட்டினார். ஆடி பெங்களூரில் தேய்த்து மெருகேற்றப்பட்டது. தாங்கி மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகர் ஆலையில் உருவானது. குதிரை லாடம் போன்ற வடிவமுள்ள அந்தத் தாங்கி, 1948இல் திறந்த பாலோமர் 200 அங்குலத் தொலைநோக்கியால் பெயர்பெற்ற வகை. பாலோமரில் லாடம் எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதப்பதால் 530 டன் எடையை ஒரு குதிரைத்திறனில் பன்னிரண்டில் ஒரு பங்கு மோட்டார் திருப்பிவிடும். தாங்கிகளில் உராய்வு இவ்வளவு குறைந்தால் காற்றின் தட்டலை உள்வாங்க எதுவும் மிஞ்சாது என்பதால் பற்களின் அழுத்தத்துக்கு முக்கியத்துவம் கூடுகிறது. குறைந்த அட்சரேகையில் லாடம் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். அதன் திறப்பின் வழியே துருவத்துக்கு அருகிலும் நோக்க முடிகிறது.

அண்மைக்காலம் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 2014இல் அமெரிக்காவின் டி.எஃப்.எம். நிறுவனம் செய்த 1.3 மீட்டர் ஜே. சி. பட்டாச்சார்யா தொலைநோக்கி காவலூரில் நிறுவப்பட்டது. உருளை உராய்வு இயக்கத்தை நெடுங்காலமாகக் கையாண்டுவரும் நிறுவனம் அது. 2.34 மீட்டர் தொலைநோக்கியில், 2005இல் வெளியான விவரப்படி, எஷெல் நிறமாலைமானி குழாயிலிருந்து விலகித் தனி அறையில் நிலையாக நிற்கிறது. முதன்மைக் குவியத்திலிருந்து ஒளி இழை வழியே அதற்கு ஒளி வருகிறது. கனத்த கருவியை மாற்றி மாற்றிப் பூட்டும் வேலையும் அதனால் வரும் சுமை மாற்றமும் இதில் இல்லை. ஆனால் 100 மைக்ரான் இழை முனை வானத்தில் 2.7 வில்நொடிதான்; 10 வில்நொடி ஆட்டம் வந்தால் விண்மீன் அதிலிருந்து முழுவதுமாக விலகிவிடும்.