நீலாய்ச் சூழலில் கோல்டன் ரிட்ரீவர் வளர்ப்பு

கோல்டன் ரிட்ரீவர் ஸ்காட்லாந்தில் உருவான வேட்டைத்துணை நாயினம். சுட்டு வீழ்த்திய பறவையைச் சேதப்படுத்தாமல் வாயில் கவ்வி எடுத்து வருவதே இதன் தொழில். பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு ஆன டட்லி மார்ச்பேங்க்ஸ், 1868இல் தம் கிசாகன் பண்ணையில் நௌஸ் என்ற மஞ்சள் நிற ரிட்ரீவரையும் பெல் என்ற ட்வீட் நீர் ஸ்பானியலையும் இணைத்தார். அந்தக் குட்டிகளிலிருந்தே இனம் தொடங்கியது. குளிர்நீருக்கென அமைந்த ஈரடுக்கு முடியுள்ள இந்த நாயை, பால்மரத் தோட்டங்களும் செம்பனைக் காடுகளும் தாமான் குடியிருப்புகளாக மாறிவரும் மலேசியாவின் நீலாயில் வளர்ப்பவர்கள் அதன் பருவங்களையும் ஊரின் வெப்பத்தையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் குட்டி முழுக்கத் தாயை நம்பியிருக்கும். 10 முதல் 14 நாளில் கண் திறக்கும். மூன்றாவது வாரத்தில் காது கேட்கத் தொடங்கும்.

மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரையுள்ள காலம்தான் இந்த நாயின் வாழ்நாள் முழுவதையும் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் புல்லரும் பல ஆண்டுகள் ஆய்ந்து 1965இல் வெளியிட்ட நூல் இதை நிறுவியது. இக்காலத்தில் பார்த்துப் பழகியது இயல்பாகிவிடும். பார்க்காதது பின்னர் அச்சம் தரும். நீலாயில் குட்டி பழக வேண்டியவை பல: பிற்பகல் இடி, தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் வெடிக்கும் பட்டாசு, திருவிழா உறுமி மேளம், பள்ளிவாசல் தொழுகை அழைப்பு, மோட்டார் சைக்கிள் இரைச்சல், தலைக்கவசம் அணிந்த ஆள். ஒலியை மெல்லத் தொடங்கி, தின்பண்டம் கொடுத்துக்கொண்டே கூட்டினால் போதும்.

இதே வாரங்களில்தான் பார்வோ வைரசும் குட்டிகளைக் கொல்கிறது. தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை இடைவெளி விட்டுத் தொடர வேண்டும். அதனால் குட்டியை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பவர்கள் உண்டு. அது பெரும் இழப்பு. தெருநாய்கள் உலாவும் மண்ணில் இறக்கிவிடாமல், கையில் தூக்கியோ காரில் வைத்தோ ஊரைக் காட்டலாம். எட்டு வாரம் ஆகும்முன் தாயிடமிருந்து பிரித்து விற்கும் குட்டியை வாங்காமலிருப்பதே நல்லது.

நான்கு முதல் ஏழு மாதத்துக்குள் 28 பால்பற்கள் உதிர்ந்து 42 நிலைப்பற்கள் வரும். செருப்பும் நாற்காலிக் காலும் தப்பாது. அடிப்பதால் பயனில்லை, கடிக்க வேறு பொருள் கொடுக்க வேண்டும். எலும்பு வளர்ச்சி முனைகள் மூட 12 முதல் 18 மாதம் ஆகும். அதுவரை படிக்கட்டில் ஓடுவதும் உயரத்திலிருந்து குதிப்பதும் மூட்டுக்குக் கேடு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பெரிய இனக் குட்டியின் குடல், தேவைக்கு மிஞ்சிய சுண்ணாம்புச் சத்தைத் தடுக்காது. ஆகவே சரிவிகித உணவு உண்ணும் குட்டிக்குக் கால்சியம் மாத்திரை சேர்ப்பது எலும்பைக் கெடுக்கும். வீட்டில் மிஞ்சிய சோற்றோடு கறிக்குழம்பு ஊற்றுவது தோட்டத்துப் பழக்கம். அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும்.

கருத்தடையை அவசரப்படுத்தத் தேவையில்லை. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் 759 கோல்டன் ரிட்ரீவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, 12 மாதத்துக்கு முன் கருத்தடை செய்த ஆண் நாய்களில் இடுப்பு மூட்டுக் குறைபாடு, செய்யாதவற்றைவிட இரு மடங்கு இருந்தது.

எட்டாவது மாத வாக்கில், கற்ற சொல்லைக் கேளாத விடலைப் பருவம் வரும். 2020இல் பிரிட்டனில் வெளியான ஆய்வொன்று, இந்த இனத்தையும் லேப்ரடாரையும் இவற்றின் கலப்பையும் பார்த்தது. எட்டு மாத நாய்கள் வளர்ப்பவரின் கட்டளையைத்தான் மீறின, அந்நியர் சொன்னால் கேட்டன. பொறுமையோடு கடந்தால் இது தீரும். ஆனால் செம்பனைக் காட்டோரம் சங்கிலியை அவிழ்த்துவிட இது காலமல்ல. விஷம் உமிழும் நாகமும் மலைப்பாம்பும் அங்கே உண்டு. அங்கே எலிக்கு வைக்கும் இரத்த உறைவுத் தடுப்பு மருந்தை நாய் தின்றால் சில நாள் கழித்தே உள்ளே இரத்தக் கசிவு தெரியும்; அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். வைட்டமின் கே1 அதற்கு மாற்று மருந்து. நாயைத் தொடுவதில் சமய வரையறை உள்ள முஸ்லிம் அண்டை வீட்டாரின் நடைபாதையில், எவரிடமும் தாவும் இந்த நட்பான நாயைச் சங்கிலியில் அடக்கி நடத்துவது அடிப்படை மரியாதை. 2020 முதல் நீலாய், சிரம்பான் மாநகர் மன்றத்தின் கீழ் உள்ளது. நாய் உரிமத்தை அங்கே பெற வேண்டும்.

எல்லாப் பருவத்துக்கும் பொதுவான பகை புழுக்கம். நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடலைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் மிகும்போது நாவின் நீர் ஆவியாவது குறையும். உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. விடியலிலும் இருட்டிய பிறகும் நடத்துக. புறங்கையைத் தார் ரோட்டில் சில நொடி வைக்க முடியாவிட்டால் பாதமும் தாங்காது. முடியை மழிப்பது உதவாது, வெயில் நேரே தோலைச் சுடும். அடர்ந்த முடிக்குள் உண்ணி மறைந்து எர்லிக்கியா, பபேசியா நோய்களைத் தரும். கொசு இதயப்புழுவைப் பரப்பும். இரண்டுக்கும் ஆண்டு முழுவதும் தடுப்பு மருந்து வேண்டும், ஏனெனில் நீலாயில் அவை ஓயும் குளிர்காலம் இல்லை.

வளர்ந்த ஆண் ஏறத்தாழ 30 முதல் 34 கிலோ, பெண் 25 முதல் 29 கிலோ இருக்கும். ஆயுள் 10 முதல் 12 ஆண்டு. எட்டு வயதுக்குப் பின் ஆறு மாதத்துக்கொரு முறை பரிசோதனை தேவை. இந்த இனத்தைப் புற்றுநோய் அதிகம் தாக்குவதால், மோரிஸ் விலங்கு அறக்கட்டளை 2012இல் தொடங்கி அமெரிக்காவில் 3,000க்கு மேற்பட்ட கோல்டன் ரிட்ரீவர்களை வாழ்நாள் முழுவதும் கண்காணித்து வருகிறது. தடவிக்கொடுக்கும்போது கையில் புதிய கட்டி தட்டுப்பட்டால் அந்த வாரமே காட்ட வேண்டும். நீலாய்க்காரர்களுக்கு, செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை எட்டும் தொலைவில்தான் இருக்கிறது.