அணிக்குள் அணியும் மர வரைபடமும்

ஆதர் கேலி என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் 1857ஆம் ஆண்டில், தாம் 'மரங்கள்' எனப் பெயரிட்ட வடிவங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அடுத்த ஆண்டிலே தாயங்களைப் பற்றிய அவருடைய பேர்பெற்ற ஆய்வுரை வெளிவந்தது. முன்னையது ஒரு வேரினின்று கிளைத்துச் செல்லும் உறவைக் கூறுவது; பின்னையது நிரையும் நிரலுமாக எண்களை நிறுத்தும் ஒழுங்கைக் கூறுவது. ஓரறிஞரின் உள்ளத்தில் அடுத்தடுத்துத் தோன்றிய இவ்விரு கருத்துக்களும் ஒரே குறியீட்டு முறையிற் சேர்ந்தமைவதற்கு ஒரு நூற்றாண்டு சென்றது. அங்ஙனம் அவற்றைச் சேர்த்தவர் ஏ.பி.எல். என்னும் கணிப்பொறி மொழியின் தந்தையாகிய கென்னத் ஐவர்சன் ஆவர்.

கனடாவின் அல்பேட்டா மாகாணத்தில் 1920ஆம் ஆண்டிற் பிறந்த ஐவர்சன், ஹாவாட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த காலத்தில் மாணவர்க்குக் கற்பித்தற்பொருட்டு ஒரு குறியீட்டு முறையை வகுத்தார். 1960இல் ஐ.பி.எம். நிறுவனத்திற் சேர்ந்து, 1962இல் அதனை நூலாக வெளியிட்டார். 'ஏ புறோகிராமிங் லாங்குவேஜ்' என்னும் அந்நூற்பெயரின் முதலெழுத்துக்களே பின்னர் மொழியின் பெயராயின. அந்நூலிலே காவிக்கும் தாயத்துக்கும் அருகே மரத்துக்கும் இடமளிக்கப்பட்டுள்ளமை கருதற்பாலது. மரத்தின் ஒவ்வொரு கணுவையும் வேரிலிருந்து அதற்குச் செல்லும் வழியைக் காட்டும் எண்களாற் சுட்டலாம். ஒவ்வொரு கணுவின் பெறுமானத்தையும் அதனினின்று பிரியும் கிளைகளின் தொகையையும் தக்க முறையில் நிரைப்படுத்தி எழுதினால், படம் வரையாமலே மரம் முழுவதையும் மீட்டுப் பெறலாம். மரம் என்பது கண்ணுக்குத் தோன்றும் சித்திரம் மாத்திரமன்று, எண்களின் ஒழுங்குமாகும் என்பது இதனாற் பெறப்பட்டது.

எனினும், 1966ஆம் ஆண்டின் இறுதியில் ஐ.பி.எம். 360 பொறியில் இம்மொழி இயங்கத் தொடங்கியபோது மரம் விடுபட்டுப் போயிற்று. அணியின் ஒவ்வோர் இடத்திலும் ஓர் எண் அல்லது ஓர் எழுத்து மாத்திரமே நிற்கலாம் என்பது அன்றைய விதி. விடையைக் காட்டிய கருவியோ, 88 எழுத்துக்களைத் தாங்கிய உருண்டை ஒன்று சுழன்று அச்சிடும் தட்டச்சுப்பொறி. நிரையின் கீழ் நிரையாக எண்களை அடித்துவிட்டால் தாயத்தின் வடிவம் தாளிலே தோன்றிவிடும். வேறு படம் வேண்டியதில்லை. இதிலும் ஒரு சிறு மயக்கம் இல்லாமலில்லை. பன்னிரண்டு என்னும் எண்ணும், ஒன்று இரண்டு என்னும் இரு எழுத்துக்களும் தாளில் ஒரே தோற்றமுடையன. ஆயினும் அக்காலத்தார் அதனைப் பெருங்குறையாகக் கொண்டிலர்.

குறை வேறிடத்தில் உணரப்பட்டது. நீளம் ஒவ்வாத பெயர்களை ஓர் அணியில் நிறுத்தவேண்டின், குறுகிய பெயர்களின் பின்னே வெற்றிடங்களை நிரப்பி எல்லாவற்றையும் சமப்படுத்த நேர்ந்தது. அணியின் ஓரிடத்திலே இன்னோர் அணியையே வைத்தால் என்ன என்னும் வினா இயல்பாக எழுந்தது. ஜேம்ஸ் பிறவுண் 1971இல் தம் பட்டத்துக்குரிய ஆய்வேட்டிலும், ட்றெஞ்சட் மோர் 1973இல் அணிக் கொள்கை பற்றிய தம் கட்டுரையிலும் இதனை ஆராய்ந்தனர். 1981இல் பொப் சிமித் அமைத்த 'நார்ஸ்', 1983இல் வெளிவந்த 'டயலொக் ஏ.பி.எல்.', 1984இல் ஐ.பி.எம். வெளியிட்ட 'ஏ.பி.எல்.2' என்பன அணிக்குள் அணியை நடைமுறைக்குக் கொணர்ந்தன.

அப்பொழுதுதான் காட்டும் முறை ஒரு சிக்கலாயிற்று. மூன்று உறுப்புடைய ஓர் அணியைக் கொள்க. அதன் முதலுறுப்பு ஒன்றும் இரண்டும் அடங்கிய சிற்றணி. இரண்டாமுறுப்பு மூன்று என்னும் தனியெண். மூன்றாமுறுப்போ, நான்கென்னும் எண்ணையும், ஐந்தும் ஆறும் அடங்கிய வேறொரு சிற்றணியையும் தன்னகத்தே கொண்டது. இதனை ஏ.பி.எல்.2 தன் இயல்பான முறையில் அச்சிடும்போது 1 முதல் 6 வரையுள்ள எண்கள் ஒரே வரியில் வருகின்றன. எண்களுக்கு இடையிலுள்ள வெற்றிடம் ஓரிடத்திற் சிறிது கூடும், ஓரிடத்திற் குறையும். எது எதனுள் அடங்கியது என்பதை அவ்வெற்றிடங்களை எண்ணியே அறிதல் வேண்டும். கணக்கிற் பிழை புகுந்த ஒருவர் அப்பிழையைத் தேடி அவ்வரியை எத்தனை முறை பார்த்தாலும், பிழை அங்கே புலப்படாமலே கிடக்கும்.

இதற்கு முதலிற் கண்ட பரிகாரம் பெட்டி. ஏ.பி.எல்.2 உடன் வழங்கப்பட்ட 'டிஸ்பிளே' என்னும் செய்நிரல் ஒவ்வோர் அணியையும் சுற்றிக் கோடிட்டு, திசைகளை அம்புக்குறிகளாலும், உள்ளே எண்ணோ எழுத்தோ வேறணியோ என்பதை அடிக்கோட்டிலிட்ட அடையாளங்களாலும் காட்டியது. இம்முறையில் மறைவது ஒன்றுமில்லை. ஆனால் பெட்டிக்குட் பெட்டி பெருகும்போது படம் அகன்று, தாளின் எல்லையைக் கடந்துவிடுகிறது.

மர வரைபடம் அதே அணியை வேறு விதமாகக் காட்டுகின்றது. வேரினின்று மூன்று கிளைகள் பிரியும். முதற்கிளையின் முனையிலுள்ள கணுவில் இரண்டு இலைகள். இரண்டாவது கிளை தானே இலையில் முடியும். மூன்றாவது கிளையின் கணுவில் ஓரிலையும் இரண்டு இலைகளைத் தாங்கிய இன்னொரு கணுவும் நிற்கும். வேரிலிருந்து மிகத் தொலைவிலுள்ள இலைக்குச் செல்ல மூன்று கிளைகளைக் கடத்தல் வேண்டும். அந்த மூன்றே இவ்வணியின் 'ஆழம்' என ஏ.பி.எல்.2 கூறும் எண். பெட்டிப் படத்தில் ஆழத்தைக் கோடுகளை எண்ணித்தான் பெறவேண்டும். மரத்திலோ அது பார்த்த அளவிலே தெரியும்.

ஆனால் மரத்துக்கும் ஒரு குறையுண்டு. இரண்டு நிரையும் மூன்று நிரலுமுடைய தாயமும், ஆறு உறுப்புடைய காவியும் மரமாக வரைந்தால் ஒரு வேரும் ஆறு இலைகளுமேயாம். கணுவின் அருகே வடிவத்தை எண்ணாற் குறித்தாலன்றி இரண்டையும் வேறுபிரிக்க இயலாது. வெறும் குடும்ப மரத்தைப் போல வரைந்துவிட்டு அணியைக் காட்டிவிட்டதாகக் கருதுவது தவறாகும்.

இதனினும் ஆழமான பிணக்கு ஒன்று அக்காலத்திலே தோன்றியது. ஐந்து என்னும் தனியெண்ணை உறையிட்டால் வருவது யாது? நார்ஸ், ஏ.பி.எல்.2 முதலியன, அது மீண்டும் ஐந்தே என்றன. 1980இல் ஐ.பி.எம். நிறுவனத்தை விட்டு ரொறன்ரோவிலுள்ள ஐ.பி. ஷார்ப் நிறுவனத்திற் சேர்ந்த ஐவர்சன், உறையிட்ட ஐந்து வேறு, வெறும் ஐந்து வேறு என்னும் கட்சியினர். மரத்தில் வைத்து நோக்கின் வேறுபாடு தெளிவாகும்: ஒரு கட்சிக்கு ஓரிலை மாத்திரம், மற்றதற்கு ஒரு கணுவும் அதிலிருந்து தொங்கும் ஓரிலையும். வெற்றிடத்தால் மாத்திரம் காட்டும் வரியில் இப்பிணக்குக்கு உருவமே இல்லை. மொழி இரு கிளைகளாகப் பிரிந்து வளர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஐவர்சனும் றொஜர் ஹூயியும் 1990ஆம் ஆண்டளவில் உருவாக்கிய 'ஜே' என்னும் மொழி அந்த இரண்டாங் கட்சியைச் சேர்ந்தது. அது சிறப்புக் குறியீடுகளை நீக்கி, எந்தக் கணிப்பொறியிலும் உள்ள எழுத்துக்களையே கையாண்டது. உறையிட்ட அணிகளைப் பெட்டியாகவே அச்சிட்டது. மரத்தையோ அது வேறொன்றுக்குப் பயன்படுத்தியது: செய்நிரலையே மரமாகக் காட்டியது. சராசரி காணும் செய்நிரல் ஜே மொழியில் நான்கே குறிகளாலானது. அதனை மரமாக வரையுமாறு பணித்தால் வேரினின்று மூன்று கிளைகள் தோன்றும். முதற்கிளையிற் கூட்டற்குறியைத் தாங்கிய தொகைச்செய்கை, நடுக்கிளையில் வகுத்தல், கடைக்கிளையில் உறுப்புக்களை எண்ணுதல். பெட்டி, மரம், ஒருவரி என்னும் உருவங்களுள் எதில் விடை வேண்டுமென்பதைக் கணிப்போரே ஓர் எண்ணைக் கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம். மரத்துக்குரிய எண் 4.