துடுப்பும் மகுடமும்

சரித்திரக் கதை என்றால் சதியும் சிம்மாசனமும் சிருங்காரமும்தானே என்று முகம் சுளித்து ஒதுக்கிவிடும் தோழர்கள் நம்மிடையே உண்டு. ஒதுக்குவதால் என்ன பயன்? பாடநூலில் படித்த வரலாற்றை மறந்துவிட்ட பல்லாயிரவர், தொடர்கதையில் படித்த வரலாற்றை நெஞ்சில் நிறுத்தியிருக்கின்றனர். ஆகவே தள்ளி வைப்பதைவிடத் தட்டிப் பார்ப்பதே அறிவுடைமை. முத்துக்குளித்துறையாம் தூத்துக்குடியின் மில்லர்புரத்தில் வாழும் நாம், கடலைக் களமாகக் கொண்ட கதைகளை, அவற்றிலும் கடலுக்கு அஞ்சாத கன்னியர் உலவும் கதைகளைத் தட்டிப் பார்க்க முற்பட்டோம்.

கடல் ஆணுக்கு, கரை பெண்ணுக்கு என்பது பழைய பாகப்பிரிவினை. கடல்வழிச் செல்வோர் பெண்டிரை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை எனப் பொருள் கொள்ளப்படும் நூற்பா ஒன்று தொல்காப்பியத்தின் அகத்திணையியலிலேயே இருக்கிறது. நம் மொழியின் தொன்மைக்குச் சான்றான நூல் என்று தலைநிமிர்ந்து சொல்லும் நாம், இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். மணிமேகலை மணிபல்லவத் தீவுக்குச் சென்றாளே என்று கேட்கலாம். சென்றாள், ஆனால் கலம் ஏறிச் செல்லவில்லை, தெய்வம் வான்வழியே எடுத்துச் சென்றது! பெண்ணைப் பறக்கவைக்கத் துணிந்த காப்பியம், படகில் ஏற்றத் துணியவில்லை. அதே காப்பியத்தில் சாதுவன் வாணிகத்துக்குக் கலம் ஏறுகிறான், கலம் உடைகிறது, அவனோ உயிர் பிழைக்கிறான். கரையில் இருந்த ஆதிரை, கணவன் மாண்டான் என்று கேட்டுத் தீயில் புகுகிறாள். தீ அவளைச் சுடவில்லை என்று பாடிக் கற்புக்கு மாலை சூட்டினர். கடலாடியவன் அவன், கனலாடியவள் இவள்! இந்தக் கொடுமை தமிழகத்துக்கு மட்டும் உரியதா? இல்லை. 1766இல் பிரெஞ்சுக் கப்பலில் உலகைச் சுற்றப் புறப்பட்ட ழான் பாரே என்ற பெண், ஆணுடை அணிந்தே கலம் ஏற வேண்டியிருந்தது. அந்நாட்டுக் கடற்படைச் சட்டம் பெண்ணுக்குக் கப்பலில் இடம் தரவில்லை.

ஆணுக்கென்று ஒதுக்கிய அந்தக் கடலிலேனும் உழைத்தவனுக்கு வாழ்வு இருந்ததா? கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், பாண்டியனின் கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று எழுதிவைத்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ தரும் கணக்கு இன்னும் சுவையானது. கிடைக்கும் முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, குளிப்போரைக் கொடிய மீன்கள் தாக்காமல் மந்திரத்தால் கட்டிவைக்கும் பார்ப்பனருக்கு! பகலில் மந்திரம் போடுவார்களாம், இரவில் அதை அவிழ்த்துவிடுவார்களாம். மூச்சடக்கி மூழ்கியவன் ஒருவன். முணுமுணுத்துப் பங்கு பெற்றவன் வேறொருவன். அச்சம் இருக்கும் வரையில்தான் மந்திரத்துக்கு விலை. சரித்திரக் கதைகளில் அரசியின் மார்பில் முத்துமாலை ஒளிவிடும்போதெல்லாம் இந்தக் கணக்கு நம் நினைவுக்கு வர வேண்டும்.

இப்படி அச்சத்தால் வேலியிட்ட கடலில்தான் ஒரு பெண்ணைத் தனியே படகோட்ட விட்டார் கல்கி. 1950 முதல் 1954 வரை வார இதழில் வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னில் வரும் பூங்குழலி, கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலரின் மகள். குலப்பெருமை பேச அவளுக்கு ஒன்றும் இல்லை. கையில் துடுப்பு இருக்கிறது. வந்தியத்தேவனை ஈழத்துக்குக் கொண்டு சேர்ப்பது அவள் படகு. புயலில் கலம் அழிந்து, அலைகளிடையே தத்தளித்த அவனையும் சோழ இளவரசனையும் மீட்பதும் அவள் படகே. ஊரார் கொள்ளிவாய்ப் பேய் என்று நடுங்கிய சதுப்பு நிலத்து நெருப்பை, என் காதலர் என்று சொல்லிச் சிரிக்கிறாள் அவள். பேய்க்கு அஞ்சாத பெண், புயலுக்கு அஞ்சாத பெண், ஆணின் துணைக்குக் காத்திராத பெண்! இவளைப் படைத்ததற்காகக் கல்கியைப் பாராட்டத் தயங்கினால் நாம் நடுநிலை தவறியவர்களாவோம்.

ஆனால் கதையின் முடிவில் என்ன ஆகிறது? பூங்குழலி கைப்பிடித்த சேந்தன் அமுதன் பூத்தொண்டு செய்யும் எளியவனாக இருந்தவன். அவனே சோழ அரியணைக்கு உரியவன் என்று தெரியவர, ஓடக்காரி அரசியாகிறாள். அவளைப் போலவே கடலில் படகோட்டி வாழ்ந்த அவள் அத்தை மந்தாகினியோ, அரசன் மீது வந்த வேலைத் தன் உடலில் ஏந்தி உயிர் விடுகிறாள். ஒருத்திக்கு மகுடம், மற்றொருத்திக்கு மரணம். துடுப்போடு கடலில் வாழும் உரிமை இருவருக்கும் இல்லை! சாண்டில்யனின் ‘கடல் புறா’விலும் வாள் பிடிக்கும் வீரப்பெண் காஞ்சனாதேவி உண்டு, அவளோ கடாரத்து இளவரசி. கடல் வீரம் ஒரு பெண்ணுக்கு வாய்த்தால், அவள் அரண்மனையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது அரண்மனையில் போய் முடிய வேண்டும். இதுதானா நாம் காணும் விதி?

கற்பனையை விட்டுக் கல்வெட்டுக்கு வருவோம். உத்தம சோழனின் தேவியர் பலருடைய பெயர்கள் செம்பியன் மாதேவி என்ற ஊரின் கோயிற் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. பூங்குழலி அங்கே இல்லை. அவள் கல்கியின் கற்பனை. 1025இல் கடாரம் வென்ற இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, வென்ற ஊர்களை வரிசை வரிசையாகச் சொல்கிறது. அலைகடல் தாண்டி அந்தக் கலங்களைச் செலுத்திய ஒரு மாலுமியின் பெயரைக்கூட அது சொல்லவில்லை. ஆணுக்கே அந்தக் கதி என்றால், வலை பின்னிய, மீன் சுமந்த, கரையில் காத்திருந்த பெண்ணை எந்தக் கல் சொல்லும்?

பூங்குழலி கற்பனை, அவள் துணிவு கற்பனையன்று. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் இருக்கின்றன. அவற்றின் அருகே மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் இராமநாதபுரக் கரைப் பெண்களைப் பாருங்கள். சேலையின் மேல் ஆண்களின் சட்டை, பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணிச்சுற்று, கண்ணுக்கு ஒரு கண்ணாடி, நெஞ்சுக்குள் அடக்கிய மூச்சு. இவ்வளவுதான் அவர்களின் படைக்கலம். 1986இல் அக்கடற்பகுதி தேசியப் பூங்காவான பிறகு, தீவுகளை நெருங்கவும் அவர்களுக்குத் தடை வந்தது. கடலைக் காக்க வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடலில் மூழ்கி உலை வைப்பவளின் சோற்றுக்கு வழி கேட்காத காவல் முழுமையான காவலாகுமா? முத்துக்குளிப்பு இத்துறையில் 1961ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. மூச்சடக்கும் உழைப்பு ஓயவில்லை. பெண்ணின் தோளில் தொடர்கிறது.

இளைஞர் தோழர்களே! 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989இல் தமிழகத்தில் அது சட்டமாயிற்று. அன்று சிரித்தவர்களுக்குக் காலம் விடை சொன்னது. ஆனால் கரையோரம் சென்று, இந்தப் படகு எவர் பெயரில் இருக்கிறது, இந்த வலை எவர் பெயரில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெண் ஏறினால் படகுக்குத் தீட்டு என்னும் பேச்சு எந்தக் குப்பத்தில் இன்னும் இருக்கிறதோ, அங்கே போய் வாதிடுங்கள்.

கடற்கதைகளைப் படியுங்கள், தங்கைகளுக்கும் படிக்கக் கொடுங்கள். பூங்குழலியின் துணிவு அவர்களைத் தொற்றட்டும். கூடவே ஒரு வினாவையும் கொடுங்கள்: அவள் துடுப்பை வாங்கிக்கொண்டு மகுடத்தைக் கொடுத்தது எதற்காக? அதைக் கேட்கத் தெரிந்த பெண் எழுதும் கதையில், ஓடக்காரி ஓடத்துக்கே உடையவளாக இருப்பாள். அந்தக் கதைக்கு அரசன் தேவைப்படமாட்டான்.