கருவிலேயே முடிவாகும் சிறுநீரகக் கணக்கு

எமது குச்சவெளிப் பிரதேசத்தின் அயலில் இருக்கிறது பதவிசிறிபுர. 1990களில் வடமத்திய மாகாணத்தில் அடையாளம் காணப்பட்ட, காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவிய பகுதிகளுள் அதுவும் ஒன்று. கிணற்று நீரைக் குடித்து வயலில் பாடுபடும் விவசாயிகளையே அந்நோய் அதிகம் தாக்குகிறது. இடம்பெயர்ந்து அலைந்து, மீண்டும் வயலையும் கிணற்றையும் நம்பி வாழத் தொடங்கிய எமக்கு இது வெறும் அயலூர்ச் செய்தியல்ல.

சிறுநீரகம் பழுதாவதைப் பற்றிப் பேசும் நாம், அது எப்படி உருவாகிறது என்பதையும் அறிய வேண்டும் என்பதே என் கருத்து. அதை அறியத் துணை நிற்பது வரிக்குதிரை மீன். இந்தியா, நேபாளம், வங்காளதேசம் ஆகிய நாடுகளின் நன்னீரில் வாழும் சிறு மீன் இது. இதன் முளையம் தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது, கண்ணாடிபோல் தெளிவானது. எனவே உள்ளுறுப்புகள் உருவாவதை நுணுக்குக்காட்டியில் நேரடியாகவே பார்க்கலாம்.

மனிதரின் ஒரு சிறுநீரகத்தில் சராசரியாக 10 இலட்சம் வரையான நுண் வடிகட்டிகள் உள்ளன. சிறுநீரகத்திகள் என்பது அவற்றின் பெயர். மீன் முளையத்தில் இருப்பவை இரண்டு மட்டுமே. கருக்கட்டி ஏறத்தாழ 2 நாட்களில் அவை வேலையைத் தொடங்கிவிடுகின்றன.

இதை மரபணுக்கள் ஒழுங்குபடுத்துகின்றன. பாக்ஸ்2ஏ, பாக்ஸ்8 ஆகியவை குறித்த கலங்களைச் சிறுநீரகக் குழாயாக மாற வழிநடத்துகின்றன. டபிள்யூ.டி.1ஏ வடிகட்டும் கலங்கள் உருவாக உதவுகிறது. பாக்ஸ்2ஏ பழுதானால் குழாய் ஒழுங்காக அமையாது. மனிதரில் இதற்கு இணையான பாக்ஸ்2 பழுதானால், சிறுத்த சிறுநீரகத்துடனும் கண் குறைபாட்டுடனும் குழந்தை பிறக்கக்கூடும்.

2020இல் நிஷாத் ஜயசுந்தர உள்ளிட்ட ஆய்வாளர்கள், இலங்கையின் நோய்ப் பகுதிகளில் எடுத்த குடிநீரையும், கட்மியம், ஆசனிக்கு, ஈயம், கிளைபோசேட் போன்றவற்றையும் இந்த மீனில் சோதித்தனர். குடிக்கப் பாதுகாப்பானவை எனக் கருதப்படும் அளவுகளிலும் உலோகங்கள் சிறுநீரக வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்பது அவர்களின் முடிவு. அவர்கள் அளந்த மரபணுக்களில் பாக்ஸ்2ஏயும் ஒன்று. மீனில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. நோய்க்கான காரணமும் இன்னும் உறுதியாகவில்லை. ஆனால் எங்கே தேடவேண்டும் என்பதை இது காட்டுகிறது.

காயப்பட்ட மீன் புதிய சிறுநீரகத்திகளை உருவாக்கிக்கொள்ளும். மனிதருக்கு அந்த வாய்ப்பில்லை. கர்ப்பத்தின் 36ஆம் வாரமளவில் எமது கணக்கு முடிந்துவிடுகிறது. குறைமாதத்திலோ நிறை குறைந்தோ பிறக்கும் பிள்ளைக்கு இந்த இருப்பும் பொதுவாகக் குறைவு. போரிலும் பட்டினியிலும் பிள்ளை சுமந்த தாய்மார் வாழும் மண்ணில் இதை இலேசாகக் கடந்துபோக முடியாது.

ஆகவே கிணற்று நீர்ப் பரிசோதனையும் கர்ப்பிணிகளின் போசாக்கும் சிறுநீரகப் பாதுகாப்பின் முதற்படிகள். குறைந்த நிறையில் பிறந்தவர்கள் அதை வைத்தியரிடம் சொல்லி, இரத்த அழுத்தம், சிறுநீரில் அல்புமின், இரத்தத்தில் கிரியற்றினின் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. இந்நோய் முற்றும்வரை பெரும்பாலும் வலி காட்டாது.