தேரையின் நஞ்சும் மருந்தும்

தேரை என்றதும் முகஞ் சுளிப்போரே நம்மில் மிகுதி. தென்னையில் ஒரு காய் பருப்பின்றிப் போய்விட்டால், ‘தேரை மோந்த காய்’ என்கிறோம். பால் குடிக்கும் பிள்ளை நாளுக்கு நாள் மெலிந்தால், ‘தேரை விழுந்தது’ என்று சொல்லி மந்திரிக்கத் தூக்கிச் செல்கிறோம். எங்கள் ஐயம்பேட்டை, காஞ்சிபுரத்தை அடுத்த நெசவாளர் ஊர். மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறினால் தேரையும் வந்து குடியேறும். பெரியவர்கள் அதனை முறத்தில் ஏந்தி வெளியே விடுவார்கள், சிறுவர்களோ கல்லெடுப்பார்கள். இத்தனை பழிக்கும் அந்தப் பிராணி உரியதுதானா என்று சற்றே ஆராய்வோம்.

தேரைக்குப் பல் இல்லை, கொடுக்கும் இல்லை. பாம்பைப்போல் நஞ்சைக் கடித்துச் செலுத்தும் கருவி எதுவும் அதனிடம் கிடையாது. ஆயினும் அது நஞ்சுடைய உயிரே. கண்களுக்குப் பின்னே இருபுறமும் புடைத்திருக்கும் சுரப்பிகளிலிருந்து, நாய் கவ்வும்போது பால் போன்ற நீர் கசியும். நாய் நுரை தள்ளி அதனை உமிழ்ந்துவிடும். ஓடித் தப்ப இயலாத மந்த உயிருக்கு அமைந்த கவசம் அது.

தமிழ் மருத்துவ மரபில் தேரைக்கு ஒரு தனியிடம் உண்டு. மன்னன் ஒருவனின் தலைக்குள் புகுந்த தேரையை அகத்தியர் கபாலம் திறந்து காண, அருகிலிருந்த சீடர் நீர்ப் பாத்திரத்தைக் காட்டி அதனைக் குதித்து வெளியேறச் செய்தாராம். அதனால் அவர் தேரையர் எனப் பெயர் பெற்றார் என்பது செவிவழிக் கதை. நீர்க்குறி, நெய்க்குறி பார்க்கும் முறையை வகுத்தவர் என்று சித்த மருத்துவர்கள் போற்றுவது இவரையே.

தேரையின் நஞ்சையே மருந்தாக்கியவர்கள் சீனர். சுரப்பியின் பாலை எடுத்து உலர்த்தி, ‘சான் சூ’ என்னும் பெயரால் மிகச் சிறிய அளவில் மற்ற மருந்துகளுடன் சேர்த்து வழங்கினர். 1911-இல் அமெரிக்க அறிஞர் ஜான் ஏபல், வெப்ப நாட்டுத் தேரை ஒன்றின் நஞ்சை ஆராய்ந்து, அதில் அட்ரினலினும் இதயத்தைத் தாக்கும் வேறொரு பொருளும் இருக்கக் கண்டார். இரண்டாவது பொருள், 1785-இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங் நீர்க்கோவைக்கு ஏற்றதென நூல் எழுதி விளக்கிய டிஜிடாலிஸ் செடியின் சத்துக்கு உறவானது. உயிரணுக்களில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே சேர்க்கும் அமைப்பை இவை இரண்டுமே தடுக்கின்றன. அவ்வமைப்பை 1957-இல் விளக்கிய டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூ, 1997-இல் நோபெல் பரிசு பெற்றார். தடை சிறிதாயின் தளர்ந்த இதயம் வலுவுடன் சுருங்கும். மிகுந்தால் துடிப்பு தாறுமாறாகி நின்றே போகும்.

அளவு தவறியதன் விலையை உலகம் கண்டிருக்கிறது. 1993-க்கும் 1995-க்கும் இடையே நியூயார்க்கில், மேலே பூசுவதற்கென்று காம ஊக்கியாக விற்கப்பட்ட பொருளொன்றை ஐவர் உட்கொண்டனர், நால்வர் இறந்தனர். தேரை நஞ்சின் சத்தே அப்பொருளில் இருந்தது. நம் நாட்டிலும் ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டத்தில், வீட்டில் சமைத்த இறைச்சியை உண்ட ஆறு வயதுச் சிறுமி இறந்ததாகச் செய்தி வந்தது. தவளை என்று எண்ணிச் சமைத்தது நஞ்சுடையதாக இருந்ததாம். அடுப்பின் சூட்டில் தேரையின் நஞ்சு அழிவதில்லை என்பதை யாவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆகவே, நாம் அஞ்சும் இடம் ஒன்று. அஞ்ச வேண்டிய இடம் வேறொன்று. தேரை மோந்து எந்தத் தேங்காயும் வற்றுவதில்லை. எந்தப் பிள்ளையும் மெலிவதில்லை. பிள்ளை மெலிந்தால் நோயோ உணவுக் குறைவோ காரணமாகும். மந்திரிப்பதில் கழியும் ஒவ்வொரு நாளும் சிகிச்சைக்குரிய நாளைக் குறைக்கிறது. தேரையைத் தொட்டவர் கண்ணிலும் வாயிலும் கை வையாமல் நன்கு கழுவிக்கொண்டால் போதும். உண்பதும், தாமே மருந்தாக்குவதும் அடியோடு ஆகாது. கறையானையும் பூச்சியையும் தின்று வாழும் அந்த உயிரை, எங்கள் ஊர்ப் பெரியவர்களைப்போல் முறத்தில் ஏந்தி வெளியே விடுவதே அறிவுடைமை.