பெற்றவள் மறைந்தாள், பிள்ளை பிழைத்தது - சென்னை புல்லட்டின் கதை

அபிராமபுரத்தில் விடிகாலையில் ஒரு பழைய புல்லட் கிளம்பினால் தெருவுக்கே தெரிந்துவிடும். "டப் டப்" என்ற அந்தச் சத்தம் இங்கிலாந்தில் பிறந்தது. ஆனால் அதை இன்றுவரை உயிரோடு வைத்திருப்பது நம் சென்னை! இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் சொந்த ஊர் இங்கிலாந்தின் ரெட்டிச். முதல் மோட்டார் சைக்கிளை 1901-ல் செய்தார்கள். 'புல்லட்' என்ற பெயர் வந்தது 1932-ல். சுதந்திரத்துக்குப் பிறகு 'மெட்ராஸ் மோட்டார்ஸ்' இந்த வண்டிகளை இறக்குமதி செய்து விற்றது. 1950களின் தொடக்கத்தில் நம் ராணுவம் எல்லைக் காவலுக்காக நூற்றுக்கணக்கில் 350 சிசி புல்லட்டுகளைக் கேட்டது.

அதன் விளைவாக 1955-ல் இரு நிறுவனங்களும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின.

இந்த முடிவுதான் புல்லட்டைக் காப்பாற்றியது. விலை குறைந்த கார்களும் ஜப்பான் வண்டிகளும் வந்ததும் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் தொழில் சரிந்தது. 1970-ல் ராயல் என்ஃபீல்டு அங்கே உற்பத்தியை நிறுத்தியது. தாய் நிறுவனம் போனபின்னும் திருவொற்றியூரில் வேலை நிற்கவில்லை. 1977-ல் சென்னை புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது!

நெடுந்தூரப் பயணிகள் ஏன் இதை விரும்பினார்கள்? வேகத்துக்காக அல்ல. வழியில் நின்றுபோனால் பாயிண்டைச் சுத்தம் செய்யலாம், கார்புரேட்டரைக் கழற்றிப் பார்க்கலாம். சிறு ஊர் மெக்கானிக்குக்கும் பழக்கமான வண்டி. ஆனால் ஸ்டார்ட் செய்வதே ஒரு கலை. கிக்கரை மெதுவாக அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். பிறகு லீவரை விட்டுவிட்டு ஒரே உதை. தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும், கால் வீங்கிவிடும்!

1980களில் 100 சிசி வண்டிகள் வந்தபோது புல்லட்டும் தடுமாறியது. கூட்டாளியாக வந்த ஐஷர் நிறுவனத்துடன் 1994-ல் இணைந்த பிறகும் 2000 வாக்கில் மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. மூடவில்லை. புதிய இன்ஜின் வந்தது, கியர் வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறியது. 2013-ல் ஒரகடத்தில் புதிய தொழிற்சாலை திறந்தது. மலைப்பயணங்களுக்கென்றே 'ஹிமாலயன்' 2016-ல் வெளியானது.

மணாலி - லே சாலையில் பனிக்காற்றில் ஏறும் ராயல் என்ஃபீல்டு வண்டிகளைப் பார்ப்பவர்கள் இமயமலையைத்தான் நினைப்பார்கள். அவற்றுக்குப் பின்னால் இருப்பதோ வெயில் கொளுத்தும் வடசென்னை. தொழில்நுட்பத்தை வாங்குவது எளிது நண்பர்களே. அதை முழுவதும் கற்றுக்கொண்டு, கொடுத்தவரே கைவிட்ட பிறகும் காப்பாற்றுவதுதான் பெரிது. அதைச் செய்து காட்டியவர்கள் திருவொற்றியூர்த் தொழிலாளர்கள்.